சிறைக்காவலனும் நமது இலக்கியமும்

சிறையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவல்ல. 1908இல் சிறை புகுந்த வ. உ. சிதம்பரம்பிள்ளை, கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் தாம் பட்ட பாட்டைத் தம் சுயசரிதையில் செய்யுளாகவே ஆக்கி வைத்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குள் சென்ற ராஜாஜி, அங்குக் கழித்த மூன்று மாதங்களுக்கும் நாட்குறிப்பு எழுதினார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு உயிர் மீண்ட பொதுவுடைமையாளர் சி. ஏ. பாலன் ‘தூக்குமர நிழலில்’ என்னும் நூலைத் தந்தார். ஈழத்திலோ, வெலிக்கடைச் சிறையிலிருந்தும் பூசா முகாமிலிருந்தும் மீண்டவர்களின் நினைவுகள் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் துண்டு துண்டாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. அடக்குமுறை ஓயாத நாட்டில் சிறை இலக்கியம் வளர்வதில் வியப்பில்லை.

ஆயினும், இவ்வகை எழுத்துக்களை ஒருசேர வைத்துப் படிப்போருக்கு ஒரு குறை தென்படாமற் போகாது. சிறைக்கதவுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. உள்ளே அடைபட்டவனின் பக்கம் நமக்குத் தெரியும். வெளியே நின்று திறப்பைத் திருகுகிறானே, அவன் யார்? எந்த ஊரான்? என்ன சம்பளத்துக்கு அந்த வேலைக்கு வந்தான்? விடியற்காலையில் அறை அறையாகத் தலைகளை எண்ணிக் கணக்குக் கொடுக்கும்போது எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அவன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது? கைதிக்கு வந்த கடிதம் கைதியின் கைக்குப் போகுமுன் அதிகாரியின் கண்ணுக்குப் போகிறது. அதில் ஒரு தாயின் மரணச் செய்தி இருந்தால் அதை எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கிறான்? இரவுக் காவல் முடிந்து வீடு சென்றபின் தன் பிள்ளைகளிடம் என்ன பேசுகிறான்? இக்கேள்விகளுக்கு நமது இலக்கியத்தில் விடை தேடுவோமானால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

இது வெறும் பாத்திரப் படைப்புப் பற்றிய குறை அன்று. அடக்குமுறை என்பது ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. அது மனிதர்களின் கைகளாலேயே நடைபெறுகிறது. அந்தக் கைகளுக்கு உரியவனை அறியாத இலக்கியம், அடக்குமுறையைச் சபிக்கலாம். அதை விளக்க முடியாது. விளக்க முடியாததை மாற்றவும் முடியாது. காவலனை நமது எழுத்து இதுவரை இரண்டு வடிவங்களிலேயே கண்டிருக்கிறது. ஒன்று சுவர், மற்றொன்று தெய்வம். அவனை மனிதனாகக் காணும் மூன்றாவது பார்வை நமக்கு ஏன் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவர்

விடுதலைப் போராட்டக் காலத்துச் சிறை எழுத்துக்களில் வார்டர் என்பவன் பெரும்பாலும் ஓர் ஓசையாகவே வருகிறான். பூட்ஸ் சத்தம், சாவிக்கொத்தின் சத்தம், வசைச் சத்தம்: அவ்வளவே. சில வேளைகளில் தேசபக்தருக்கு இரகசியமாக வணக்கம் செலுத்தும் நல்லவன் ஒருவனும் வருவதுண்டு. ஆனால் அவனும் தலைவரின் பெருமையை நிறுவுவதற்காக வந்து போகிறவனேயன்றித் தனக்கென ஒரு வாழ்வு உடையவன் அல்லன்.

இதற்காக நினைவுக் குறிப்பு எழுதியவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. அடி வாங்குகிறவன் அடிப்பவனின் குடும்ப நிலையை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. 1950 பெப்ரவரி 11ஆம் நாள் சேலம் சிறையில் பொதுவுடைமைக் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் மாண்டனர். அந்தக் களத்திலிருந்து எழுந்த குரலிடம் சமநிலை கேட்பவன் மனிதனல்லன். கைதியின் சாட்சியம் சாட்சியமாகவே இருக்கட்டும். நாம் கேட்பது சாட்சியத்துக்குப் பின்னால் வரவேண்டிய படைப்பிலக்கியத்தைப் பற்றி. சிறையின் கொடுமையைக் கதையாக்க முனைந்த எழுத்தாளன், தான் அடைபடாத நிலையிலும் கைதியின் கண் மறைவுகளையே தன் பார்வையின் எல்லையாக வைத்துக்கொண்டான். மீசையும் தடியும் கொடுத்துக் காவலனை நிறுத்திவிட்டால் கதைக்குப் போதும் என்று எண்ணினான்.

காவலனைக் கல்லாகக் காட்டுவது அவனைக் கடுமையாகக் கண்டிப்பது போலத் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால் அது அவனுக்குக் கொடுக்கப்படும் விடுதலைப் பத்திரமே என்பது விளங்கும். சுவர்மீது யாரும் குற்றம் சுமத்துவதில்லை. கல் வேறுவிதமாக நடந்திருக்கலாமே என்று கேட்பதற்கில்லை. ‘நான் வெறும் காவலாளி; மேலிடத்துக் கட்டளை’ என்று ஒவ்வொரு விசாரணையிலும் கூண்டில் நின்று சொல்கிறவனின் வாதத்தை, அவனைச் சுவராகத் தீட்டும் எழுத்தாளனும் தன்னையறியாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறான்.

தெய்வம்

இந்த வழக்கத்தை உடைத்து, சிறை அதிகாரியைக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய பெருமை ஜெயகாந்தனுடையது. அவருடைய ‘கைவிலங்கு’ குறுநாவலில், பிள்ளையில்லாத ஜெயிலர் ஒருவர் இளங்கைதி ஒருவனிடம் மகனிடம் போலப் பாசம் கொள்கிறார். சிறையென்றால் அலறலும் சவுக்கும் என்றிருந்த நிலையில், சீருடைக்குள்ளும் ஓர் இதயம் துடிக்கிறது என்று காட்டியது சாதாரணச் செயல் அன்று. குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவனும் முத்திரை குத்தும் நிறுவனத்தின் அதிகாரியும் ஒருவரையொருவர் மனிதராக அடையாளம் காணும் இடம் தமிழ்ப் புனைகதைக்குப் புதியதுதான்.

ஆனால் அந்தப் படைப்பே 1969இல் திரைப்படமானபோது அதற்கு ‘காவல் தெய்வம்’ என்று பெயர் சூட்டப்பட்டது. எஸ். வி. சுப்பையா அந்த ஜெயிலராக நடித்தார். தலைப்பு மாறியது தற்செயலானதன்று என்றே நாம் கருதுகிறோம். விலங்கு இருந்த இடத்தில் தெய்வம் வந்து அமர்ந்துகொண்டது. கைவிலங்கு என்பது ஒரு பொருள். யார் செய்தது, யார் பூட்டுவது, யாருக்குப் பூட்டுவது என்ற கேள்விகளை அது எழுப்பும். தெய்வமோ கேள்விகளுக்கு அப்பாற்பட்டது. கருணையுள்ள ஒரு பெரியவர் மேலே இருந்தால் சிறையும் ஒரு குடும்பமாகிவிடும் என்ற ஆறுதலோடு பார்வையாளன் வீடு திரும்புகிறான்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தெய்வமாக்கப்படுகிறவர் எப்போதும் மேலதிகாரியே. கதவருகில் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ நிற்கிற கடைநிலைக் காவலன் அந்தக் கருணைக்கும் பின்னணியாகவே நின்றுவிடுகிறான். கருணை காட்டுவதற்கும் ஓர் அதிகாரம் வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரம் அவனிடம் இல்லை. சுவர் என்றாலும் தெய்வம் என்றாலும், இரண்டும் கூலிக்கு உழைப்பவை அல்ல. காவலனோ கூலிக்கு உழைப்பவன். அவன் செய்வது ஒரு வேலை. இந்த எளிய உண்மையிலிருந்து தொடங்காத எந்தச் சித்திரமும் முழுமை பெறாது.

மனிதன்

வெளியுலக இலக்கியத்தில் இதற்கு வழிகாட்டிகள் உண்டு. ‘புத்துயிர்ப்பு’ என்று தமிழில் நாம் படித்திருக்கும் டால்ஸ்டாயின் நாவல் (1899) அவற்றுள் முதன்மையானது. அதில் வரும் சிறை அத்தியட்சகரின் வீட்டில் மகள் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். வேலை அந்த மனிதரைக் களைப்படையச் செய்கிறது, அவருக்கு அதில் விருப்பமில்லை, ஆனாலும் செய்துகொண்டிருக்கிறார். பின்னொரு பகுதியில், கொளுத்தும் வெயிலில் ரயில் நிலையத்துக்கு நடத்திச் செல்லப்படும் கைதிகளில் சிலர் சுருண்டு விழுந்து சாகின்றனர். கொன்றவர் யார் என்று தேடும் நெஹ்லூதவுக்கு ஒருவரும் அகப்படவில்லை. ஒவ்வோர் அதிகாரியும் விதியின்படியே நடந்திருக்கிறார். பதவி என்ற ஒன்று இல்லாதிருந்தால், அவ்வெயிலில் விழப்போகிறவனை நிழலில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்திருக்கக்கூடிய சாதாரண மனிதர்களே அவர்கள். தனி மனிதனின் கொடூரத்தைவிடப் பயங்கரமானது, கடமை என்ற பெயரில் இரக்கத்தைக் கழற்றி வைத்துவிடும் ஏற்பாடு என்பதை டால்ஸ்டாய் அங்கு நிலைநாட்டுகிறார்.

ஜோர்ஜ் ஓர்வெல் 1931இல் வெளியிட்ட ‘ஒரு தூக்கிலிடல்’ என்ற சிறிய கட்டுரை, பர்மாவில் பொலிஸ் அதிகாரியாக இருந்த காலத்தின் நினைவில் பிறந்தது. தூக்குமேடைக்கு நடந்து போகிறவன் வழியிலிருந்த நீர்க்குட்டையை மிதிக்காமல் விலகிச் செல்லும் இடத்தை எல்லோரும் எடுத்துப் பேசுவர். தமிழர்களாகிய நாம் பேசவேண்டிய இடம் வேறொன்று. அச்சிறையின் தலைமை ஜெயிலரை ஆசிரியர் ‘திராவிடர்’ என்று குறிப்பிடுகிறார். பெயர் பிரான்சிஸ், வெள்ளை உடுப்பு, பொன் சட்டகக் கண்ணாடி. எல்லாம் ஒழுங்காக முடிந்ததென்று துரைக்கு அறிவிக்கும் பணிவும் பரபரப்பும் அவரிடம் குடிகொண்டிருக்கின்றன. காரியம் முடிந்ததும் வெள்ளையரும் சுதேசிகளும் ஒன்றாகச் சிரித்து மது அருந்துகின்றனர். பேரரசின் சிறைகளில் நம்மவர் கைதிகளாக மட்டும் இருக்கவில்லை. சாவி வைத்திருந்தவர்களிலும் நம்மவர் இருந்தனர். நமது எழுத்தில் இடம் பெறாத அந்தத் தமிழனை ஓர் ஆங்கிலேயன் அரைப்பக்கத்தில் வரைந்துவிட்டான்.

மூன்றாவது சான்று, முற்போக்கு வாசகர்கள் அனைவரும் அறிந்த ஜூலியஸ் பூசிக்கின் தூக்குமேடைக் குறிப்புகள். 1942 ஏப்ரலில் நாஜிகளால் பிடிக்கப்பட்டுப் பிராக் நகரின் பாங்கிராட்ஸ் சிறையில் வைக்கப்பட்ட அந்தச் செக் பொதுவுடைமையாளர், மறுவருடம் செப்டெம்பரில் பெர்லினில் கொல்லப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் தாள் தாளாக எழுதியதே அந்நூல். தாளும் பென்சிலும் எங்கிருந்து வந்தன? எழுதிய தாள்கள் எப்படி வெளியேறின? கொலின்ஸ்கி என்ற சிறைக்காவலரால். தம்மை ஜெர்மானியர் என்று பதிவு செய்துகொண்டு, கைதிகளுக்கு உதவுவதற்கென்றே அந்த வெறுக்கத்தக்க சீருடையை அணிந்த செக் மனிதர் அவர். பூசிக் அவரைப் பற்றி மட்டும் எழுதவில்லை. கொடியவன், கோழை, இலாபம் பார்ப்பவன், பயத்தால் நல்லவனாகிறவன் என்று காவலர்களை ஒவ்வொருவராக நிறுத்தி அளந்து பார்க்கிறார். சித்திரவதைக்கு உள்ளான ஒருவர், தம்மை வதைத்த நிறுவனத்தின் ஊழியர்களை வகைபிரித்து அறிந்துகொள்ள முயன்றாரென்றால், அது பெருந்தன்மை காட்டுவதற்காக அன்று. எதிரியின் கோட்டையில் எந்தக் கல் உறுதியானது, எந்தக் கல் அசையும் என்று அறிவது போராளியின் தேவை.

கொலின்ஸ்கியை எழுதப் பூசிக் இருந்தார். நமக்கும் ஒரு கொலின்ஸ்கி இருந்தார். அவரை எழுதத்தான் ஆளில்லை.

ஊவாவில் தொடங்கிய கதை

அக்கதை தொடங்குமிடம் ஊவா மாகாணத்துத் தோட்டங்கள். மலைநாட்டுத் தொழிலாளிக்கும் சிறைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மூன்று மாதம் வரை உள்ளே தள்ளலாம். வேலையை விட்டு விலகுகிறவனை ஏசலாம். இங்கு விலங்கு மாட்டினார்கள். கடன்பட்டவனைத் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்ற விதியும் அக்காலத்தை அடுத்தே நீங்கியது.

தோட்டத்தைச் சுற்றி மதில் எழுப்பவேண்டிய தேவை முதலாளிக்கு இருக்கவில்லை. காவலர்களைத் தொழிலாளரிடையிலிருந்தே அவன் தேர்ந்தெடுத்தான். ஒரே ஊரிலிருந்து, பெரும்பாலும் தன் உறவுக்காரரையும் சாதிக்காரரையும் திரட்டிக்கொண்டு கப்பலேறிய கங்காணி, அவர்களின் காப்பாளனாகவும் காவலனாகவும் ஒருங்கே இருந்தான். இந்த இரட்டை நிலையை மலையக இலக்கியம் நுட்பமாகக் கண்டது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில் ஒரு பெண்ணின் உழைப்பே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. சந்தேகிக்கிறவர்கள் வானத்திலிருந்து வந்தவர்களல்லர். அதே மலையில் அதே மழையில் நனைகிறவர்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்படும் மலையகத் தமிழனின் அவலத்தை ‘குடை நிழல்’ நாவலுக்குப் பொருளாக்கினார். கங்காணியை மனிதனாகக் காணக் கற்றுக்கொண்ட இலக்கியத்துக்குச் சிறைக்காவலனை மனிதனாகக் காண்பது எட்டாத காரியம் அன்று.

மதிலின்றியே மனிதரைக் கட்டிப்போட முடியும் என்பதற்கு மீரியபெத்தை ஒரு கசப்பான சான்று. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அந்தத் தோட்டத்தின் லயங்கள்மீது 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்தது. உறங்கியவரும் எழுந்தவரும் மண்ணுள் புதையுண்டனர். அந்நிலம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து போகவிடாமல் தடுக்க ஒரு காவலனும் நிறுத்தப்படவில்லை. வேலை தோட்டத்தில், வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேறு நிலம் கிடையாது. இந்த மூன்றும் சேர்ந்தால் பூட்டு எதற்கு? அடைத்து வைப்பது என்பது காவலனின் கையில் தொடங்குவதன்று என்பதை இந்த ஊர் நமக்கு உணர்த்துகிறது. அவன் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசி வளையம்.

அந்தச் சங்கிலியை உலுக்கிய ஆண்டு 1940. மே மாதத்தில் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் அலையாக எழுந்தன. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, துரை அச்சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்த வேண்டும் என்ற நிலையை உண்டாக்கினர். ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிஸாரிடமிருந்து அவர்கள் ஆயுதங்களைப் பறித்தனர் என்று சமசமாஜக் கட்சியின் வரலாறு பதிவு செய்கிறது. போர் எதிர்ப்போடு இந்தத் தோட்டப் போராட்டங்களும் சேர்ந்துகொள்ளவே, ஆட்சியாளர் கட்சியின் தலைவர்களைப் பிடித்து விசாரணையின்றித் தடுத்து வைத்தனர். என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் கண்டியில் சிறை வைக்கப்பட்டனர்.

1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. இரண்டு நாட்கள் கழித்து, ஏப்ரல் 7ஆம் நாள் இரவு, அந்த நால்வரும் சிறையிலிருந்து வெளியேறினர். அவர்களைக் காவல் செய்த சொலமன் என்பவரின் உதவியோடு வெளியேறினர். அவரும் அவர்களோடு போய்விட்டார். பூசிக் பிடிபட்ட அதே ஏப்ரல் மாதம்!

நால்வருக்கும் வரலாறு உண்டு. நூல்கள் உண்டு, சிலைகளும் நினைவுக் கூட்டங்களும் உண்டு. ஐந்தாமவருக்கு? பெரும்பாலான வரலாறுகளில் அவர் ஒரு வாக்கியத்தோடு மறைகிறார். ஒரு சிறைக்காவலர், தம் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் உயிரையுமே பணயம் வைத்து, யுத்தகாலச் சட்டம் தலைமேல் தொங்கும்போது, எதிர்ப்பக்கம் சேர்ந்தார். அந்த மாற்றம் ஓரிரவில் நிகழ்ந்திருக்க முடியாது. இரண்டாண்டு காலம் தினமும் கதவைப் பூட்டுகையில் கேட்ட பேச்சுக்கள், பார்த்த புத்தகங்கள், வீட்டின் வறுமை, மேலதிகாரியின் ஏச்சு என எவையெவை அவருள் வேலை செய்தன? நாவலுக்கு இதனினும் சிறந்த கரு எங்கே கிடைக்கும்? தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் பேசும் நமது இலக்கியம், தலைவர்களின் தப்பித்தலைப் பாடியது. அதைச் சாத்தியமாக்கிய தொழிலாளியைத் தேடிப் போகவில்லை.

அறுபது பேர்

சொலமனை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் நாமும் ஒரு காவல் தெய்வத்தைப் படைத்தவர்களாவோம். மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

1983 ஜூலை 25ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 35 பேர் கொல்லப்பட்டனர். ஒரு நாள் இடைவெளி விட்டு, 27ஆம் நாள் மேலும் 18 பேர். கொன்றவர்கள் சக கைதிகள் என்று சொல்லப்பட்டது. ஆனால் சிறையில் கதவுகள் தாமாகத் திறப்பதில்லை. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

பதினேழு ஆண்டுகளுக்குப்பின் அதே கதை ஊவாவிலேயே நிகழ்ந்தது. பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவவில் ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. தண்டனை பெற்ற குற்றவாளிகளுக்கான சிறையன்று அது. சரணடைந்தவர்களும் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுமான தமிழ் இளைஞர்களை, சிறுவர்கள் உட்பட, வைத்திருந்த இடம். தமக்கு வரவேண்டிய கடிதங்கள் தாமதப்படுவதையும் விடுதலை தள்ளிப்போவதையும் எதிர்த்து 2000 அக்டோபர் 24ஆம் நாள் அவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தனர். மறுநாள் காலை சுற்றுப்புறத்திலிருந்து திரண்ட பெருங்கூட்டம் முகாமுக்குள் புகுந்து 25க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. காவலுக்கு நின்ற ஆயுதம் தாங்கிய பொலிஸார் ஏறக்குறைய 60 பேர்.

விசாரணை ஆணைக்குழு அமைந்தது. பொலிஸாரின் செயலின்மையைக் கண்டித்தது. 2003 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் இரு பொலிஸார் உட்பட ஐவருக்கு மரணதண்டனை விதித்தது. 2005 மே மாதம் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்போடு எஞ்சியிருந்த தண்டனைகளும் நீங்கின. சட்டத்தின் கணக்கு அத்துடன் முடிந்தது.

இலக்கியத்தின் கணக்கு அங்குதான் தொடங்கவேண்டும். யார் அடித்தான், எந்த ஆயுதத்தால் அடித்தான், சாட்சி உண்டா என்று நீதிமன்றம் கேட்கும். அதன் எல்லை அது. அறுபது பேரும் ஏன் அசையாமல் நின்றார்கள் என்று கேட்பது கலைஞனின் கடமை. அறுபது பேரும் அறுபது வீடுகளிலிருந்து வந்தவர்கள். காலையில் மனைவி ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு வந்தவர்கள். அந்தத் தேயிலையைப் பறித்தவளும் ஒரு தமிழ்ப் பெண்ணாக இருந்திருக்கலாம். சிலர் வெறுப்பால் நின்றிருப்பர்; சிலர் அச்சத்தால்; சிலர் கட்டளை வரவில்லை என்று; சிலர் பக்கத்தில் நிற்பவன் அசையவில்லையே என்று. வானை நோக்கிச் சுட்டுக் கூட்டத்தைக் கலைக்கலாம் என்ற எண்ணம் ஒருவன் மனதிலாவது தோன்றி மறைந்திருக்காதா? தோன்றியதென்றால் அதை மறையச் செய்தது எது? இக்கேள்வியே வருங்காலத்து முகாம் ஒன்றைக் காப்பாற்ற வல்லது. அவர்களைச் சுவரென்று எழுதினால் இக்கேள்வி பிறக்காது.

கண்டியில் ஒருவர் துணிந்ததால் நான்கு உயிர்கள் வெளியே நடந்தன. பிந்துனுவெவவில் அறுபது பேர் துணியாததால் உயிர்கள் உள்ளேயே முடிந்தன. இரண்டும் காவல் என்ற அதே தொழிலில் நிகழ்ந்தவை. ஒன்றில் பூட்டவேண்டியவர் திறக்க உதவினார். மற்றொன்றில் காக்கவேண்டியவர்கள் காக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரமே ஒரு மனிதனின் மனச்சாட்சிக்கு உரிய வெளி. அந்த வெளியை அளப்பதற்குக் கலையைவிட நுட்பமான கருவி வேறில்லை.

கொடுமை செய்தவனுக்கு மனித முகம் கொடுப்பது கொடுமைக்கு வக்காலத்து வாங்குவதாகாதா என்று நண்பர்கள் சிலர் கேட்பர். ஆகாது. மனிதன் என்று சொல்வதே அவன் பொறுப்பாளி என்று சொல்வதுதான். அதேவேளை அவனை அந்த இடத்தில் நிறுத்தியவர்களையும் அப்போதுதான் நம்மால் காணமுடியும். இலங்கைச் சிறைகள் கொள்ளளவைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டோரைத் திணித்து வைத்திருப்பது பல ஆண்டுகளாகவே அறியப்பட்ட உண்மை. 2020 நவம்பரில் கொரோனாத் தொற்றின் பீதியில் மஹரச் சிறையில் கலவரம் எழுந்து கைதிகள் 11 பேர் மாண்டபோது, அந்த நெரிசலில் நோய்க்கு அஞ்சியவர்கள் கைதிகள் மட்டுமல்லர். அதே காற்றைச் சுவாசித்த காவலர்களும்தான். நெரிசலை உண்டாக்கியவர்கள் அந்தக் காற்றைச் சுவாசிக்கவில்லை.

இன்னோர் உண்மையும் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்ட மலையகத் தமிழனுக்கு அரசாங்க உத்தியோகத்தின் வாயில் அடைக்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்கு அவன் இந்நாட்டில் கைதியாக இருக்கலாம்; காவலனாக இருக்க முடியாது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. கதவின் ஒரு பக்கத்தில் ஒரு மொழி, மறுபக்கத்தில் இன்னொரு மொழி என்ற நிலை இவ்வாறே வலுத்தது. பிந்துனுவெவ இளைஞர்களின் முறைப்பாடுகளில் கடிதங்கள் இருந்தன என்பதை மறந்துவிடலாகாது. தன் மொழியில் வந்த தாயின் கடிதம் தன் மொழி அறியாத ஓர் அதிகாரியின் மேசையில் கிடக்குமானால், அங்குக் காவலனும் கைதியும் ஒருவரையொருவர் மனிதராக அறிவதற்கான முதல் படியே இடிந்துபோகிறது. கண்டியில் சொலமனுக்கும் அந்த நால்வருக்கும் இடையில் பேச்சு சாத்தியமாயிற்று என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுக.

ஆகவே இத்துறையில் செய்யவேண்டியவை பல. மலைநாட்டிலும் வடக்கு கிழக்கிலும் தமிழகத்திலும் ஆசிரியர்களாக உள்ள நம் வாசகர்களின் மாணவர்களிடையே சிறைக்காவலரின் பிள்ளைகளும் இருப்பர். கைதியின் பிள்ளைகளும் இருப்பர். ஓய்வுபெற்ற காவலர்கள் நம் ஊர்களிலேயே வாழ்கின்றனர். அவர்களின் வாய்மொழியை, சிங்களவரென்றாலும் தமிழரென்றாலும், கேட்டு எழுதிவைக்க மாணவர்கள் முன்வரவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எப்படி இருந்தது, முதன்முதல் ஒருவனை அடிக்கச் சொன்னபோது என்ன செய்தார், செய்ய மறுத்த கட்டளை ஒன்றேனும் உண்டா என்று கேட்கவேண்டும். கைதிகளின் நினைவுக் குறிப்புகளை அவற்றோடு எதிரெதிராக வைத்துப் படிக்கவேண்டும். சிங்கள எழுத்தாளரும் தமிழ் எழுத்தாளரும் ஒன்றாக அமர்ந்து செய்யத்தக்க பணி இது.

அப்போது நமது நாவல்களில் சிறைக்கதவின் மறுபக்கமும் தெரியத் தொடங்கும். அங்கு நிற்கிறவன் நம்மை நோக்கிக் கையெடுத்துக் கும்பிடவேண்டியதில்லை; நாம் அவனை நோக்கிக் கும்பிடவும் வேண்டியதில்லை. அவன் கையில் ஒரு திறப்பு இருக்கிறது. அதை எப்போது எந்தப் பக்கம் திருகுவது என்பது ஒருபோதும் மேலிடத்தின் தீர்மானம் மட்டுமன்று என்பதை அவனுக்கும் நமக்கும் நினைவூட்டினால் போதும்.